தூசி என்று அழித்த பூ

2004 அக்டோபர் 23, சனிக்கிழமை. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், படங்களைக் கணினியில் சரிசெய்யும் வேலையில் இருந்தேன். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. அதற்கு நடுவே சாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் சின்ன ஆர்டர். திங்கட்கிழமை அவர் மனைவிக்கு முதல் வருட நினைவு நாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு அட்டைகள். மனைவியின் முகம் வேண்டாம் என்று, கொடைக்கானலில் தானே எடுத்த போட்டோவைத் தந்திருந்தார். பைன் மரத்தடி, காய்ந்த ஊசியிலைகள், அவற்றை விலக்கிப் பிடித்த ஒரு பெண்ணின் கை.

கையைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். போட்டோவில் ஒட்டிய தூசியை அச்சில் விடுவது எங்கள் தொழிலில் அவமானம். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன்.

அன்று மதியம் அட்டைகளை வாங்க வந்தவர் ஒன்றை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, என் வீட்டுக்காரி காட்டுன பூ எங்கன போச்சு?"

அச்சுத் துல்லியம் பார்க்கும் லென்ஸை அசல் போட்டோவின் மேல் வைத்துக் குனிந்தேன். விரல்களுக்கிடையே மெல்லிய தண்டு. நான் அழித்த புள்ளிகள் அத்தனையும் அதில் சிறகு விரித்த பூக்கள்! பைன் காடுகளில் தரையிலேயே வளரும் ஆர்க்கிட் வகை என்று பிற்பாடு நூலகத்தில் படித்தேன்.

தூசி என்று நினைத்துவிட்டதாகத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நானும் அங்கன குப்பைன்னுதான் சொன்னேன். மொறைச்சா பாருங்க! மண்டி போட்டுப் பாக்க வச்சுட்டா. வேற எதையும் போட்டோ எடுக்கச் சொன்னதே இல்ல தம்பி." பிறகு அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "விடுங்க. கை இருக்குல்ல, போதும்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளைக்குப் புதுசு தருகிறேன் என்று அட்டைகளையும் போட்டோவையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

புது பிளேட் போட்டு மறுபடி அடிக்க வேண்டும் என்று மெஷின்காரரிடம் போய் நின்றேன். "ஏலே, காலண்டர் லோடு நிக்குது. ஒத்தப் பூவுக்கு மெஷினக் கழுவச் சொல்லுதியா?" என்று கத்தினார். போட்டோவையும் லென்ஸையும் நீட்டினேன். பார்த்தார். துணியை எடுத்து உருளைகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிறு மதியம் புது அட்டைகளை நானே சாத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவின் மேல் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்து வாங்கினார்.

பழைய அட்டை ஒன்று இன்றும் என் மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறது. அதில் அந்தக் கை எனக்கு எதையோ காட்டிக்கொண்டே இருக்கிறது.