திரு. ரோயோங் எங்கே இருக்கிறார்?

இரண்டு வாரத்துக்கு முன் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். அங்குள்ள பாலர் பள்ளிக்குக் கழிப்பறை கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேலை எப்போது தொடங்கும் என்று விசாரித்தேன். தொடங்காது போலிருந்தது.

காரணம் – திரு. ரோயோங்கைக் காணவில்லை.

யார் இந்த ரோயோங்?

பணம் தருவது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். பல நாடுகளில் அவர்களுக்குத் திட்டங்கள் உண்டு. எல்லாம் ஒரே டேட்டாபேஸில். நடக்கும் வேலையை அந்தந்த ஊர்க்காரர்களே பதிவு செய்ய வேண்டும். இந்தத் தோட்டத்தில் அந்தப் பொறுப்பு கவிதாவுக்கு. டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் பெண்.

முதல் கட்டத்தில் பள்ளியைச் சுற்றி வேலி போட்டார்கள். கால்வாய் வெட்டினார்கள். 'வேலையைச் செய்தவர் பெயர்?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. கவிதா உண்மையைத்தான் அடித்தார்.

கோத்தோங் ரோயோங்.

ஊரே கூடி, கூலி வாங்காமல் செய்யும் வேலைக்கு இந்த நாட்டு மலாய் மொழியில் அதுதானே பெயர்? கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? கோத்தோங் என்பது பெயர், ரோயோங் என்பது குடும்பப் பெயர் என்று பிரித்து வைத்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டங்களிலும் அதையே அடித்திருந்தார்கள். ஆக, ஒரே குத்தகையாளர்... எல்லா இடத்திலும் வேலை செய்கிறார், டெண்டர் இல்லை, பில் இல்லை. சிவப்புக் கொடி விழுந்தது. கழிப்பறைக்கான பணம் நின்றது.

அதிகமாக பில் போடுகிறவரை எந்த டேட்டாபேஸும் புரிந்துகொள்ளும். பில்லே போடாதவர்தான் அதற்குச் சந்தேகத்துக்குரியவர்.

பள்ளி ஆசிரியை பரமேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளை அவசரம் என்று எழுந்தால், மொத்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு அவர் தம் வீட்டுக்கு நடக்க வேண்டும். மழை நாளிலும்.

"யாராவது ஒரு ஆள் பேர அடிச்சிருக்கலாம்லா," என்றார் கவிதாவிடம்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா டீச்சர்?"

"இப்ப மட்டும் என்னா? இல்லாத ஆளுக்கு மிஸ்டர் பட்டம் வாங்கிக் குடுத்திட்ட."

நான் இருக்கும்போதே வீடியோ கால் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. திரு. ரோயோங்கிடம் பேச முடியுமா என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார்.

கவிதா விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. போனைத் திருப்பினார். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அப்பாக்கள், அம்மாக்கள், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் – ஒவ்வொருவராகக் காட்டினார். "இவர்கள்தான்," என்றார்.

அதிகாரி திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பெயர் வேண்டுமே? தொண்டூழியர்கள் என்று அத்தனை பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், பணத்தை விடுவிக்கிறேன் என்றார்.

விடுவித்தார்.

இந்தச் சனிக்கிழமை அஸ்திவாரம் தோண்டினார்கள். பெயரெல்லாம் வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் ஏறுகிறதாம் என்ற செய்தி அதற்குள் பரவிவிட்டது. வேலி போட்ட நாளில் எட்டிக்கூடப் பார்க்காத மணியம் முதல் ஆளாக வந்து நின்றார்.

"சுப்ரமணியம்னு முழுசா அடிம்மா. மணியம்னு போட்டா யாருக்குத் தெரியும்?"

"மொதல்ல மண்வெட்டியப் பிடிங்க மாமா."

பிடித்தார். மத்தியானம் வரை விடவில்லை. பரமேஸ்வரி டீச்சர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே குழியின் ஆழத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

நானும் இரண்டு கூடை மண் சுமந்தேன். இனிஷியலை விட்டுவிட வேண்டாம் என்று கவிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.