இரண்டு கைக் கும்பிடு

இன்று என் மனைவி மரியம்மாளைத் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் காலரா ஊசியைத் தோளில் இடம் தப்பி மேலே ஏற்றிப் போட்டதிலிருந்து வலியில் அவள் இடது கை மேலே எழும்புவதில்லை. தலை வாரிவிடுவதுகூட நான்தான். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட டாக்டர் சான்று வேண்டும் என்றார் வக்கீல்.

டாக்டர் அறைக்குள் வந்ததும் இவள் எழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"கை நல்லாத்தானம்மா தூக்குற!" என்றார் டாக்டர்.

அந்தக் கையை இறக்க நான்தான் தாங்கிப் பிடித்தேன். அதற்குள் அவர் குனிந்து, கையில் குறை இல்லை என்று எழுத ஆரம்பித்திருந்தார்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏம்புள்ள இப்படிப் பண்ணுன?"

"பெரியவங்க வர்றப்ப ஒத்தக் கையால கும்புட முடியுங்களா?" என்று அழுதாள்.

வக்கீல் வேறொரு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். அவரையும் கும்பிடத்தான் போகிறாள். நான் எந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள்.