ஐந்து எச்பி கம்ப்யூட்டர்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மோட்டார் விஷயத்தில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று எச்பி போதும் என்கிற கிணற்றுக்கு ஐந்து எச்பி போடுவார்கள். ஏன் என்று கேட்டால் "இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்பார்கள். என் கணவரும் அந்த ரகம்தான். எங்கள் ஊரான கணபதியில், வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை வைத்து, பம்புக்கு உதிரிபாகங்கள் கடைந்துகொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் வீட்டு முன்னறையில் நான் டி.டி.பி. தொழில் ஆரம்பித்தபோது, கம்ப்யூட்டரையும் அவர் மோட்டார் வாங்குகிற மாதிரியேதான் வாங்கினார். கல்யாணத்துக்கு முன் காந்திபுரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தவள் நான். கேள்வித்தாளும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்க எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். திரையில் படம் வருவதற்கான வசதி கம்ப்யூட்டருக்குள் இருக்கிற போர்டிலேயே இருந்தது. ஆனாலும் கடைக்காரர், "தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டா இன்னும் ஸ்பீடா இருக்குமுங்க" என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, அது கேம் ஆடறவங்களுக்குங்க. நமக்கெதுக்கு?" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும் அம்மணி."

எனக்குச் சுருக்கென்றது. அதன் முன்னால் உட்காரப்போகிறவள் நான். என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்று அந்தக் கடையில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.

கார்டில் குட்டியாக ஒரு விசிறி இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் பெட்டியைத் திறந்து, அது சுற்றுவதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார். எழுத்துகள் என்னவோ நான் அடிக்கிற வேகத்தில்தான் வந்தன.

சில மாதங்கள் சில்லறை வேலைகளாக ஓடின. பிறகு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பரீட்சைக் கேள்வித்தாள் வந்தது. என் முதல் பெரிய வேலை. சாயங்காலம் வாத்தியார் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. நேரத்துக்குக் கொடுத்தால் அடுத்த பரீட்சையும் என்னிடம் வரும், இல்லாவிட்டால் அத்தோடு சரி. மத்தியானம் திரையில் கோடுகோடாக வந்து, அப்படியே இருண்டுவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வர, இவரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

பட்டறையிலிருந்து ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். விசிறி நின்றுபோய், கார்டு கொதித்துக்கொண்டிருந்தது. அதன் இறக்கைகளில் கண்மை மாதிரி கறுப்பாக வார்ப்பிரும்புத் தூசி. அவருடைய பட்டறைத் தூசியேதான். விரலால் அதைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"அதைக் கழட்டிப்போடுங்க. மானிட்டர் ஒயரை போர்டுல இருக்கற எடத்துல சொருகுங்க" என்றேன்.

"கார்டு இல்லாம படம் வருமா அம்மணி?"

"வருமுங்க."

வந்தது. சேமித்து வைத்திருந்த கேள்வித்தாளும் பத்திரமாக இருந்தது. வாத்தியார் வந்து டீ குடித்து முடிப்பதற்குள் கடைசிப் பக்கமும் அச்சாகிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை.

சாப்பிடும்போது, "உன்ற மிஷினு திணறக்கூடாதுன்னுதான் போட்டேன்" என்றார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அவர்மேல் கோபம் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து எதிர்ப் பட்டறைக்காரர், தானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போவதாகச் சொல்லி யோசனை கேட்டு வந்தார். இவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மோட்டாருன்னா என்னைக் கேளுங்க. இதுக்கெல்லாம் அம்மணியக் கேட்டுக்குங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

"என்ன வேலைக்குங்க வாங்கறீங்க?" என்று கேட்டேன்.