சாமி அலமாரியில் ஐந்தாவது பாஸ்போர்ட்

அபுதாபியில் எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு இருந்த அம்மாவின் பாஸ்போர்ட்டை ஒன்றரை ஆண்டு நான் பூட்டி வைத்திருந்தேன். எங்கள் நான்கு பாஸ்போர்ட்டுகளோடு, சாமி அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அதுதான் வழக்கம். சாவி என்னிடம். அவரை வீட்டு மனுஷியாக நடத்துவதாகவே நம்பினேன்.

அவர் நாகப்பட்டினத்துக்காரர், வாய்த்துடுக்கு அதிகம். மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்துப் புது மேலாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைக்கக் கேட்டார். இந்த நாட்டுச் சட்டப்படி அது குற்றம் என்று எழுந்து நின்று பிரசங்கமே செய்தேன். அவர் பின்வாங்கினார். மாலையில் அந்த வெற்றியை மனைவிக்கு நடித்துக் காட்டினேன்.

பஜ்ஜி கொண்டுவந்த அம்மா கேட்டார்: "குத்தமாய்யா அது?"

"பின்னே? உள்ள தள்ளிடுவான்."

"அப்ப ஒங்கள எந்த ஜெயில்ல போடுவாங்க? சோறு கொண்டாரணுமே, அதான் கேட்டேன்."

மனைவிக்குச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். ஆனால் சாவியை எடுக்கவில்லை. அதுவரை யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் பிறகு செய்தது தெரிந்தே செய்தது.

மூன்று வாரத்தில் அம்மாவுக்குப் பேத்தி பிறந்தாள். எங்கள் சமையலறையில் நின்று செல்போனில் பார்த்தார். அன்று முழுக்க அவர் ஒரு கேலியும் பேசவில்லை.

மறுநாள் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். போக வர டிக்கெட் எடுத்து, விமான நிலையத்தில் மன்னிப்பும் கேட்டேன்.

"புள்ள பொறந்த பொறவு கேக்குறீங்க. சரி, பெட்டியத் தூக்குங்க, கனக்குது" என்றார். தூக்கினேன்.

அடுத்த விடுமுறை விருந்தில் நண்பர்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இரண்டு வீடுகளில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் வீட்டு அம்மாள், "உங்க பேச்சைக் கேட்டா நாளைக்கு எங்க வீட்ல யாருண்ணா சமைப்பா?" என்றார். பிறகு அங்கிருந்து அழைப்பே வரவில்லை.

அம்மாவும் திரும்பி வரவில்லை. சமையல் இனி என் பொறுப்பு என்று மனைவி தீர்ப்பளித்தாள். சந்தேகம் வந்தால் நாகப்பட்டினத்துக்குத்தான் போன் செய்கிறேன். ஒருமுறை, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மொதல்ல அடுப்பக் கொறைங்க," என்றார், "கடுகு கருகுற சத்தம் இங்க கேக்குது."