மூச்சு எங்கே என்று கேட்டவள்

காது மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன அறை. நோயாளி உள்ளே உட்காருவார். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக அவர் காதுக்குள் அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தாளில் புள்ளி வைப்பாள். பத்தொன்பது வருடமாக அதுதான் அவள் வேலை. மருத்துவர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘பீப் அக்கா’.

வெள்ளிக்கிழமை மதியத்தோடு அவளுக்கு வேலை முடியும். நேராகத் தியேட்டருக்குப் போவாள். அந்தத் தியேட்டருக்கு மேனேஜர் அவளுடைய சொந்த அண்ணன். இருந்தாலும் ஒருநாளும் ஓசியில் உள்ளே போனதில்லை. “ஓசியில பாத்தா வாயைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்ணே” என்று சொல்லி வரிசையில் நிற்பாள். அவள் கணவர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவார் என்பதால் அவரை அழைத்துப் போவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் வரவேற்பறைப் பெண், நர்சுகள், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்ப்பார்கள். அவளும் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள்.

“கப்பல் படம் எப்படிக்கா?”

“கப்பலு நல்லா இருந்துச்சு. அதுல ஏறுனவங்கதான் சரியில்ல. நாலு பேரு மூழ்குறான், ஒருத்தனுக்காகவும் எனக்குத் தொண்டை அடைக்கல.”

“ரெட்டைச் சகோதரிங்க படம்?”

“பாதி வரைக்கும் பிரமாதம். அப்புறம் யாரோ வந்து, என்னப்பா, பாட்டு ஒண்ணுமே இல்லையேன்னு கேட்டிருப்பாங்க போல. அக்கா ஆஸ்பத்திரியில கெடக்குறா, தங்கச்சி பனிமலையில ஆடுறா. பாட்டு வந்தா கதை ஒரு அடியாவது முன்னால போகணும். கதை ஓரமா ஒதுங்கி நின்னு பாட்டுக்கு வழிவிடக் கூடாது.”

அப்படிப்பட்ட நாளில்தான் அந்த ரயில் நிலையப் படம் வந்தது. பேச்சே இல்லை, போர்ட்டர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை எல்லோரும் பாடியே பேசுகிற படம். ஊரே கொண்டாடியது. அண்ணனின் தியேட்டரில் மூன்று வாரமாக ஒரு நாற்காலி காலியில்லை. அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு ரயிலைப் புடிக்க நாப்பது படி ஏறி ஓடுது. ஓடிக்கிட்டே பாடுது. ஒரு எடத்துல கூட மூச்சு வாங்கல. காதுல விழுறது குரலா, இஸ்திரி போட்ட துணியா? அவ மூச்சை எடுத்து எங்க போட்டாங்க? எனக்கு அந்தப் பொண்ணே இல்லாத மாதிரி இருந்துச்சு.”

வரவேற்பறைப் பெண் அதை விளையாட்டாகக் கைப்பேசியில் பதிவு செய்து தன் தோழிக்கு அனுப்பினாள். தோழி இன்னொருத்திக்கு அனுப்பினாள். திங்கட்கிழமைக்குள் பீப் அக்காவின் குரல் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அவளைக் கிழி கிழி என்று கிழித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“என் தியேட்டர்ல ஓடுற படத்தை என் தங்கச்சியே நாறடிக்கிறா. விநியோகஸ்தர் போன் பண்ணிக் கேக்குறாரு, நான் என்ன பதில் சொல்ல?”

“தங்கச்சிக்குக் காது இருக்குன்னு சொல்லுண்ணே.”

“தெரியாம பேசிட்டேன், படம் நல்லாத்தான் இருக்குன்னு இன்னொரு தடவை பேசி அனுப்பு. ரெண்டு நிமிஷ வேலை.”

“தெரிஞ்சுதான் பேசினேன்.”

“நீ சொல்றதெல்லாம் வேதமா?”

“இல்ல. போன வருஷம் அந்தக் கோர்ட்டுப் படத்தைத் திட்டினேன். மறுபடியும் போய்ப் பாத்தேன், நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு தெரிஞ்சுது. அதே மேசையில அதே ஆளுங்ககிட்ட சொன்னேன். யாரும் வந்து கேட்டு நான் மாத்தல. இதையும் ரெண்டு தடவை பாத்தாச்சு.”

அண்ணன் வாசல் வரை போய்த் திரும்பினார். “வெள்ளிக்கிழமை இசையமைப்பாளர் தியேட்டருக்கு வர்றாரு. ஜனங்களோட பேசப்போறாரு. தயவு பண்ணி அன்னிக்கு மட்டும் வராத.”

அவள் போனாள். வழக்கம்போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, ஏழாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டார்கள். இசையமைப்பாளர் நடுவில், படத்தில் பாடிய பெண் ஒரு ஓரத்தில். பாராட்டு மழை. அரை மணி நேரம் கழித்து இசையமைப்பாளர் சிரித்துக்கொண்டே கேட்டார், “குறை சொல்ல யாராவது இருக்கீங்களா?”

அவள் எழுந்து நின்றாள். பக்கவாட்டில் அண்ணன் கண்களை மூடிக்கொண்டது தெரிந்தது.

“சார், அந்தப் படிக்கட்டுப் பாட்டுல மூச்சை ஏன் எடுத்தீங்க?”

“நீங்க எந்தக் காலேஜ்ல சங்கீதம் படிச்சீங்கம்மா?” என்றார் அவர். அரங்கம் சிரித்தது.

“படிக்கல சார். காது ஆஸ்பத்திரியில வேலை. கேக்குற சத்தத்துக்கும் கேக்காத சத்தத்துக்கும் நடுவுல உக்காந்து நாளெல்லாம் புள்ளி வெக்கிறவ.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “மூச்சுச் சத்தம் கேட்டா நல்லா இருக்காதும்மா. அதை எடுக்கவே நாலு நாள் உக்காந்தோம்.”

“தெரியுது சார். அதான் கோவம். வேலை தெரியாதவங்க செஞ்சிருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன். இவ்வளவு தெரிஞ்ச நீங்க, ஓடுற பொண்ணுகிட்டேருந்து ஓட்டத்தைப் புடுங்கிட்டீங்களே.”

பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “உக்காருங்கம்மா. அந்தப் பாட்டுக்கு அழுதவங்க நாங்க.”

“அழுங்க. உங்க அழுகையை நான் திருப்பிக் கேக்கலையே. எனக்கு வரலைன்னு சொல்றேன், அவ்வளவுதான்.”

கூச்சல் எழுந்தது. இசையமைப்பாளர் அடுத்த கேள்வி என்று கையைக் காட்டினார். மேடையில் அந்தப் பாடகி மட்டும் சிரிக்காமல், அவள் உட்காரும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அண்ணன் நின்றார். “இனிமே இந்தத் தியேட்டர் பக்கம் வராத” என்றார். உரக்கச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே யோசித்துப் பார்த்தாள். சொன்னதில் எந்த வார்த்தையையும் எடுக்கத் தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருந்து மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த பழைய தியேட்டருக்குப் போனாள். அங்கே சலவை நிலையத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு சின்னப் பாட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் அதைத் தூக்கி எறிந்திருந்தன. கதாநாயகனுக்குச் சுருதி நிற்கவில்லை. உயரப் போனால் குரல் உடைந்தது. ஆனால் ஈரத் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டே அவன் பாடியபோது, அந்த மூட்டையின் கனம் அவன் குரலில் இருந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு மேசையில் பேசிய பேச்சில் மருத்துவர் உட்பட பதினொரு பேர் அடுத்த வாரம் அவளோடு கிளம்பினார்கள். அதில் நான்கு பேருக்குப் படம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தார், மச்சானின் முதுகுவலியைக் கேட்டார். பிறகு, “அந்தச் சலவைப் படம் அவ்வளவு நல்லா இருக்கா?” என்றார்.

“இன்னும் ஓடுதுண்ணே. நீயே வந்து பாரு.”

மறுவாரம் வந்தார். அவளே வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினாள். படம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் தலையை ஆட்டினார்.

“சகிக்கல. அவனுக்குப் பாடவே வரல.”

“ஏன் சகிக்கல? எந்த எடத்துல? சொல்லு.”

“எல்லா எடத்துலயும்தான்.”

“அது பதில் இல்லண்ணே. யோசிச்சுச் சொல்லு.”

அவர் யோசித்தார். பேருந்து நிறுத்தம் வரை யோசித்து, மூட்டை தூக்கும் காட்சி நீளம் என்றார். அவள் இல்லை என்றாள். வந்த பேருந்தை இருவரும் விட்டுவிட்டார்கள்.