மனமார வருந்துகிறோம்

நான்கு ஆண்டுகள் வருத்தம் தெரிவித்துச் சம்பளம் வாங்கினேன். அலுவலகம் நகரின் நடுவில், இருபத்தோராவது மாடியில். பிரிவின் பெயர் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி'. மகிழ்ச்சியாக இருந்த ஒரு வாடிக்கையாளர்கூட எங்களுக்கு எழுதியதில்லை. கைப்பேசியில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் செயலி ஒன்றை அந்த நிறுவனம் விற்றது. தமிழில் வரும் புகார்களுக்குப் பதில் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான். ஏழு நாள் இலவசம் என்றீர்கள், எட்டாம் நாளிலிருந்து வாராவாரம் காசு போகிறது, எப்படி நிறுத்துவது? இதற்கு மேலிடம் ஓர் ஆங்கிலப் பதிலைத் தந்திருந்தது. நான் அதைத் தமிழாக்கி வைத்திருந்தேன். 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். சந்தா தொடர்பான விவரங்களைச் செயலிக் கடையின் விதிமுறைகளில் காணலாம்.' அந்த 'மனமார' ஆங்கிலத்தில் கிடையாது, நானாகச் சேர்த்தது. சேர்த்த அன்று பெருமையாக வேறு இருந்தது. பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் இல்லையா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைப்பேசிக்குப் புது பேட்டரி போட லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் நான் வழக்கமாகப் போகும் ஒரு பாய் கடை. நாகூர்ப் பக்கத்துக் குடும்பம், இங்கே மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்கள். எனக்கு முன்னால் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். தம் கைப்பேசிக்குள் ஏதோ ஒன்று காசைத் தின்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாய் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்க்ரீன் ஒடஞ்சா மாத்தித் தருவேன் தம்பி. இது உள்ள உக்காந்திருக்கிற திருடன் லா. இந்த அக்காகிட்ட கேளுங்க, அவங்க கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பார்க்கிறாங்க."

மேற்பார்வையாளர் தேர்வு எழுத ஆங்கிலம் வேண்டும், அதற்காக ஒரு செயலியை இறக்கினாராம். இலவச நாள் முடிவதற்குள்ளேயே அழித்துவிட்டார். காசு போவது நிற்கவில்லை. மறுபடி இறக்கி மறுபடி அழித்தார். இப்படி மூன்று முறை. திரையைப் பார்த்தேன். எங்கள் செயலி.

"கம்பெனிக்கு எழுதிப் போட்டேன் அக்கா. பதிலும் வந்துச்சு, நல்ல தமிழ்ல," என்று அந்தக் கடிதத்தைக் காட்டினார். முதல் வரியிலேயே என் 'மனமார' நின்றது. "வருத்தப்படுறாங்கன்னு புரியுது. நான் என்ன செய்யணும்னுதான் புரியல."

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் போய், சந்தா என்ற பட்டியலைத் திறந்து, அங்கே ரத்து செய்ய வேண்டும். நான் செய்து காட்டினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதோடு கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கைப்பேசியை வாங்கிக்கொண்டு, "இப்ப சொன்னதை அதுலயே எழுதியிருக்கலாமே அக்கா," என்றார். பாய் என் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போனேன். அந்த ஒரு நிமிட வேலையை இரண்டு வரியில் பதிலில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அவர் இனிமையான மனிதர், எதையும் இனிமையாகவே மறுப்பார். ரத்து செய்வது கைப்பேசியில் செயலிகளை இறக்கித் தரும் செயலிக் கடையின் பொறுப்பு, அடுத்தவர் கடைக்கு நாம் வழி சொல்வதில்லை என்றார். செயலிக் கடைக்கு எழுதினால் அவர்கள் செயலி செய்தவரைக் கேட்கச் சொல்வார்கள். எங்கள் வாராந்திர வசூலில் அவர்களுக்கும் பங்கு உண்டு, அவர்களுக்கு என்ன அவசரம்? தேக்கா சந்தையில் மீன் விற்பவர் இப்படி வாராவாரம் வாங்கியவர் பைக்குள் கைவிட்டால் சுற்றி நிற்பவர்கள் சும்மா விடுவார்களா? இங்கே அதற்குப் பெயர் வளர்ச்சி. மேலாளர் அன்று மாலைக் கூட்டத்துக்கும் என்னை அழைத்தார். 'ஏழு நாள் இலவசம்' என்று காட்டும் பக்கத்தில் 'வேண்டாம்' என்ற சொல்லை எந்தச் சாம்பல் நிறத்தில் வைத்தால் கண்ணில் படாது என்பதற்காக ஒரு முழு மணி நேரக் கூட்டம். படித்தவர்கள் எட்டுப் பேர் அதில் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அந்த இரண்டு வரியை நானே சேர்த்துவிட்டேன். அந்த மாடியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. ஏறக்குறைய ஓராண்டு அவை போய்க்கொண்டே இருந்தன, யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஏதோ வரைபடத்தில் தமிழ்ப் பயனாளர் கோடு மட்டும் சரிந்திருப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார்கள். தமிழர்களுக்கு ஆங்கிலம் கற்கும் பொறுமை குறைவா என்று மேலாளர் உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். அந்தக் கேள்விக்குத் தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. காகிதத்தில் 'இருதரப்புச் சம்மதத்துடன்' என்று போட்டிருந்தார்கள். என் இடத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பு வந்தது. அதற்குச் சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

கையிலிருந்த பதில்களையெல்லாம் நுகர்வோர் சங்கத்துக்கு அனுப்பினேன். பாதிக்கப்பட்டவர் தாமே புகார் தர வேண்டும் என்றார்கள். பாய் கடையில் கேட்டு அந்தத் தம்பியைக் கண்டுபிடித்து, புக்கிட் பாஞ்சாங்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் இருவரும் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். சங்கம் அதைச் செயலிக் கடைக்கு அனுப்பியது. ஒரே நாளில் பதில் வந்தது: பழைய வாரங்களுக்குப் பணம் திரும்பாது, விதிமுறையை அவர் ஏற்றிருக்கிறார். ஏற்ற விதிமுறை அறுபது பக்கம், ஆங்கிலத்தில். ஆங்கிலம் கற்க வந்தவருக்கு.

அந்தப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை.

"நீங்க எடுக்கலையே அக்கா," என்றார்.

மரியாதைக்குச் சொன்னார். நான்கு ஆண்டு என் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும். பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவருக்கு இன்னொரு தே தாரேக் தேநீர் சொன்னேன்.