பதினேழோடு நின்ற கணக்கு

தனியாக வாழ்கிறவர் தனிமைக்கென்றே பிறந்தவரா, அல்லது அவரிடம் யாரும் சரியாகக் கேட்டுப் பார்க்கவில்லையா? எழில்மொழியைப் பார்த்தவர்கள் முதல் பதிலையே நம்பினார்கள். நாற்பத்தாறு வயதுவரை அவரும் அதையே நம்பினார்.

வியாசர்பாடியில் பிறந்தவர். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் வேலை. போகிற வருகிற பெட்டிகளின் எண்ணைப் படித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஆறிலக்க எண்களைப் பார்த்துப் பார்த்து, எது எதால் வகுபடும் என்று மனசுக்குள் பிரிப்பது பழக்கமாகிவிட்டது. இதைப் பெரிய திறமை என்று சொல்ல மாட்டேன். சிலர் வெற்றிலை போடுகிறார்கள். ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத பகா எண் வந்தால் மட்டும் அவர் முகம் மலரும். எர்ணாவூரில் ஓர் ஒற்றை அறை வீடு வாங்கி, குறையில்லாமல் இருந்தார்.

டிரெய்லர் ஓட்டும் ஜெகதீசன், மனைவியை இழந்தவர், தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டு ஒரு மழைக்காலம் போய்விட்டது. அன்று அவர் வண்டியில் 510511 என்ற பெட்டி.

“இன்னா எழிலு, இன்னிக்காவது பதில் சொல்லுவியா?”

“உன் பொட்டிய பாரு. இதுக்கு முந்தின நம்பரு 510510. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, பதினேழு, அல்லாத்தியும் பெருக்குனா அதான் வரும். ஏழு பேருக்கும் பங்கு குடுக்கும். ஒண்ணு கூட்டிட்டா, அந்த ஏழுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். பகா எண்ணு. எவனும் கிட்ட வர முடியாது. நானும் அப்டித்தான். போ.”

“கல்யாணத்துக்குக் கேட்டா கணக்கு சொல்லி பேஜாரு பண்றியே!”

துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் வரிசையில் நின்றால் மணிக்கணக்கில் நகராது. ஓட்டுநர்கள் வண்டியோரம் சோறு பொங்குவார்கள், தூங்குவார்கள். ஜெகதீசன் போனில் கால்குலேட்டரைத் திறந்தார். பகா எண் எது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பதினேழுக்கு அடுத்துப் பதினெட்டைப் போட்டார், பிறகு பத்தொன்பதை. உடனே எழில்மொழிக்கு போன் போட்டார்.

“எழிலு, பத்தொம்போது போவுது. மீதியே இல்ல.”

“சும்மா கீறியா?”

“நீயே போட்டுப் பாரேன். 26869.”

எழில்மொழி போட்டுப் பார்த்தார். 26869ஐயும் உடைத்தார்: 97, 277. பகா எண்ணென்று சத்தியம் செய்த எண் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. பதினேழோடு நிறுத்தியவர் அடுத்ததைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே கேட்கும்படி சிரித்தார்.

“நீதான அந்த நம்பரு மாதிரின்ன?”

“ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. பேசலாம்.”

எண்ணை வைத்து மனிதரைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது; எண்ணுக்கு ஆசை கிடையாது. ஆனால் அதுவரை தன் மறுப்புக்குச் சாட்சியாக வைத்திருந்த கணக்கு தப்பென்று தெரிந்தபின், அவர் அந்த மறுப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தை மாதம் புத்தர் படத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. இப்போது தண்டையார்பேட்டையில் ஜெகதீசன் வீட்டில் இருக்கிறார்கள். சாப்பிடும்போது அன்றைய பெட்டி எண்ணை அவர் சொல்வார், இவர் பிரிப்பார். சச்சரவும் உண்டு, சிரிப்பும் உண்டு.

எர்ணாவூர் வீட்டை எழில்மொழி விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. ஞாயிறு மதியங்களில் போய்த் திறந்து, தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். ஜெகதீசன் ஒருமுறை காரணம் கேட்டார்.

“வரும்போது மீன் வாங்கியாரட்டா?” என்று கேட்டுவிட்டு, எழில்மொழி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.